சின்னக் கம்பனிப் பங்கை வாங்கும்முன் பின்பக்கத்திலிருந்து வாசியுங்கள்

கொழும்புப் பங்குச் சந்தையில் ஏறத்தாழ 290 கம்பனிகள் பட்டியலில் இருக்கின்றன. வங்கிகள், பெரிய குழுமங்கள், தொலைபேசி, மதுபானம், சிகரெட் கம்பனிகள் பற்றி எல்லோரும் பேசுவார்கள். புரோக்கர் நிறுவனங்கள் அவற்றைப் பற்றி அறிக்கை எழுதும், வெளிநாட்டு நிதியங்கள் வாங்கும், விற்கும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல. முழுக் கம்பனியின் சந்தைப் பெறுமதியே ஒன்று, இரண்டு பில்லியன் ரூபாவைத் தாண்டாத கம்பனிகள் பற்றியது. ஒரே ஒரு ஹோட்டல் வைத்திருக்கும் கம்பனி, றப்பர்ப் பொருள் செய்யும் பழைய தொழிற்சாலை, அச்சகம், பெயின்ட் கம்பனி, மற்றக் கம்பனிகளின் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் முதலீட்டுக் கம்பனி. இவற்றில் சில நாட்களில் ஒரு பங்குகூடக் கைமாறாது.

நான் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு புடவை மொத்தக் கடையில் கணக்கு எழுதிப் பழகியவள். அங்கே முதலாளி மாத முடிவில் கேட்கும் முதல் கேள்வி, 'எவ்வளவு இலாபம்?' அல்ல. 'யார் யார் எவ்வளவு தரவேண்டும், எப்போது தருவார்கள்?' என்பதுதான். பங்குச் சந்தைக்கு வந்தபோதும் நான் அதே கேள்வியோடுதான் வந்தேன். சின்னக் கம்பனிகளில் மலிவைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. கம்பனியின் சொத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 40 ரூபா வரும், சந்தையில் விலை 20 ரூபா இருக்கும். அப்படிப் பல கம்பனிகள் உண்டு. அந்த 40 ரூபா உங்கள் கைக்கு வந்து சேர ஏதாவது வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வழி இல்லாத மலிவு மலிவே இல்லை. நான் செய்யும் வேலை முழுவதும் அந்த வழியைத் தேடுவதுதான்.

காகிதம் எங்கே, எப்போது கிடைக்கும்

எல்லாம் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கம்பனியின் பெயரைப் போட்டால் காலாண்டுக் கணக்கு, ஆண்டறிக்கை, அறிவித்தல்கள், பணிப்பாளர்கள் வாங்கிய, விற்ற விபரம் எல்லாம் வரும். பெரும்பாலான கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. முதல் மூன்று காலாண்டுகளின் கணக்கைக் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். அதனால் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி மாதங்களின் நடுப்பகுதியில் அறிக்கைகள் குவியும். ஆண்டறிக்கைக்கு ஐந்து மாதம் அவகாசம், ஆகவே ஓகஸ்ட் கடைசிக்குள் அவை வந்துவிடும். செப்டெம்பர் முழுவதும் பொதுக்கூட்டங்கள். இந்த நான்கு பருவத்தையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மற்ற நாட்களில் விலைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் சின்னக் கம்பனி பற்றி ஒன்றும் தெரியப் போவதில்லை.

சின்னக் கம்பனிகளின் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பாடசாலையில் கணக்கீடு படித்தவர்களுக்குச் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை, காசுப்பாய்ச்சல் கூற்று, கடன்பட்டோர், கடன்கொடுத்தோர் எல்லாம் தெரிந்தவைதான். திரும்பத் திரும்ப வரும் ஐம்பது அறுபது சொற்கள் பழகிவிட்டால் போதும். தலைவரின் செய்தி, பளபளப்பான படங்கள், விருது வாங்கிய பக்கங்கள் எல்லாவற்றையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். பல தடவை பார்ப்பதே இல்லை.

முதலில் யாருடைய கம்பனி என்று பாருங்கள்

காலாண்டுக் கணக்கின் கடைசிப் பக்கத்தில் 20 பெரிய பங்குதாரர்களின் பட்டியல், பணிப்பாளர்களின் கையில் உள்ள பங்குகள், பொதுமக்களிடம் உள்ள சதவீதம், பொதுப் பங்குதாரர்களின் எண்ணிக்கை இவ்வளவும் இருக்கும். இதைத்தான் நான் முதலில் வாசிப்பது. நம் சந்தையில் சின்னக் கம்பனி என்றால் பெரும்பாலும் ஒரு தாய்க் கம்பனியோ ஒரு குடும்பமோ 60, 70, 80 சதவீதத்தை வைத்திருக்கும். அவர்கள் நினைத்தால் பங்கிலாபம் வரும், நினைக்காவிட்டால் வராது. நாம் அவர்களோடு ஒரே வண்டியில் ஏறுகிறோம், ஓட்டுநர் ஆசனம் அவர்களுடையது.

அதனால் பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். முதலாவது பெரிய பங்குதாரர் ஒரு தனியார் கம்பனியாக இருந்தால் அது யாருடையது என்று பாருங்கள். கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் கம்பனிப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி ஒரு கம்பனியின் பணிப்பாளர் விபரங்களைப் பெறலாம். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அரை நாளில் முடியும் இந்த வேலை பல வருடத் தலையிடியை மிச்சப்படுத்தும்.

பழைய ஆண்டறிக்கைகளையும் எடுத்துவைத்து இந்தப் பட்டியலை வருடா வருடம் ஒப்பிடுங்கள். உரிமையாளர் சந்தையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே போகிறாரா? நல்ல அறிகுறி. இருபது வருடமாக அசையாமல் இருந்த ஒரு காப்புறுதி நிதியம் திடீரென்று பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டதா? ஏன் என்று கேட்க வேண்டும். பங்கின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனியுங்கள். 'என்' என்றால் வாக்குரிமை உள்ள பங்கு, 'எக்ஸ்' என்றால் வாக்குரிமை இல்லாதது. 'எக்ஸ்' பெரும்பாலும் குறைந்த விலையில் இருக்கும். 75 சதவீதத்தை ஒருவரே வைத்திருக்கும் கம்பனியில் நம்முடைய வாக்குக்கு எப்படியும் பெரிய பலம் இல்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரே பங்கிலாபம் என்றால் நான் மலிவானதையே விரும்புவேன். ஆனால் கம்பனியை வேறொருவர் கையகப்படுத்தும் வாய்ப்பு இருந்தால் வாக்குரிமைப் பங்குதான் பாதுகாப்பு.

ஐந்தொகையைக் கசக்கிப் பாருங்கள்

ஒரு உதாரணம். கம்பனி கற்பனை. ஆனால் இந்த மாதிரியான ஐந்தொகையை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

20 மில்லியன் பங்குகள், விலை 18 ரூபா. ஆகவே சந்தைப் பெறுமதி 360 மில்லியன். ஐந்தொகையில் காசும் நிலையான வைப்பும் 250 மில்லியன், கடன்பட்டோர் 300 மில்லியன், சரக்கு இருப்பு 350 மில்லியன். ஆதனம், பொறி, உபகரணம் எல்லாம் சேர்த்து 250 மில்லியன். மொத்தக் கடன்களும் பொறுப்புகளும் 420 மில்லியன். கூட்டிக் கழித்தால் தேறிய சொத்து 730 மில்லியன், பங்கொன்றுக்கு 36 ரூபா 50 சதம். 18 ரூபாவுக்குக் கிடைக்கிறது. பாதி விலை! முகநூல் குழுக்களில் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

நான் இங்கேதான் தொடங்குகிறேன். கடை நாளையே மூடினால் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாக வெட்டுவேன். காசு முழுவதும், 250. கடன்பட்டோரில் 80 சதவீதம், 240. சரக்கில் பாதி, 175. கூட்டினால் 665. பொறுப்புகள் 420ஐ முழுமையாகக் கழிக்க வேண்டும், அதில் சலுகை கிடையாது. மிச்சம் 245. இயந்திரத்துக்கு ஒன்றும் போடமாட்டேன். பழைய இயந்திரத்தை விற்கப் போனால் இரும்புக் கடை விலைதான். இரத்மலானையில் 380 பேர்ச்சஸ் காணி இருக்கிறது, பேர்ச்சஸ் எட்டு இலட்சம் என்று அடக்கமாக வைத்தாலும் 304 மில்லியன். மொத்தம் 549 மில்லியன், பங்கொன்றுக்கு 27 ரூபா 45 சதம். இன்னும் பரவாயில்லை. 18 ரூபா என்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு.

இனிக் குறிப்புகளுக்குப் போங்கள். கணக்கு அறிக்கையின் பின்பாதியில் இலக்கமிட்டு வரும் சின்ன எழுத்துப் பக்கங்கள். கடன்பட்டோர் குறிப்பைத் திறந்தால் 300 மில்லியனில் 180 மில்லியன், தாய்க் கம்பனியின் இன்னொரு கிளைக் கம்பனி தரவேண்டியது என்று இருக்கிறது. தொடர்புடைய தரப்பினரின் கொடுக்கல்வாங்கல் குறிப்புக்குப் போனால் வட்டி இல்லை, திருப்பிக் கொடுக்கும் திகதியும் இல்லை. போன வருடம் 150, அதற்கு முந்தைய வருடம் 110. இது கடன்பட்டோர் இல்லை. உரிமையாளர் தம் மற்ற வியாபாரத்துக்கு இந்தக் கம்பனியின் காசை எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் அந்த 180ஐப் பூச்சியமாக எடுப்பேன். முன்பு 80 சதவீதக் கணக்கில் சேர்த்த 144 போய்விடும். மிச்சம் 101, காணியோடு 405, பங்கொன்றுக்கு 20 ரூபா 25 சதம்.

பாதி விலை என்று தொடங்கிய கம்பனி ஏறக்குறைய முழு விலைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு குறிப்பு.

இன்னும் இரண்டு குறிப்புகளைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, அடகு வைக்கப்பட்ட சொத்துகள். அந்த 250 மில்லியன் நிலையான வைப்பு வேறு யாருடைய கடனுக்காவது வங்கியில் பிணையாக இருக்கலாம். இரண்டு, நேரக்கூடிய பொறுப்புகள். குழுமத்தில் உள்ள இன்னொரு கம்பனிக்கு இந்தக் கம்பனி உத்தரவாதம் கொடுத்திருந்தால் அது அங்கேதான், இரண்டு வரியில் ஒளிந்திருக்கும். இந்த மூன்று குறிப்பும் சுத்தமாக இருந்தால் மட்டும்தான் இலாபம் எவ்வளவு என்று பார்க்கவே தொடங்குவேன்.

இலாபத்திலும் கசக்கல் உண்டு. முதலீட்டு ஆதனத்தின் (வாடகைக்கோ விலையேற்றத்துக்கோ வைத்திருக்கும் காணி, கட்டடத்தின்) பெறுமதி கூடியது என்று எழுதிய இலாபம் காசு இல்லை, கழித்துவிடுங்கள். வெளிநாட்டு நாணய இலாபத்தையும் தனியாக வையுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது ஏற்றுமதிக் கம்பனிகளின் இலாபம் வானத்துக்குப் போனது. அந்த ஒரு வருடத்தை வைத்து விலை கணித்தவர்கள் அடுத்த வருடம் தவித்தார்கள். ஐந்தாறு வருடச் சராசரியைப் பாருங்கள், அதிலும் 2020, 2022 இரண்டும் அடங்கட்டும். கொரோனாவையும் வங்குரோத்தையும் வங்கி மேலதிகப்பற்று இல்லாமல் தாண்டிய சின்னக் கம்பனி என்றால் அதன் நிர்வாகத்தில் ஏதோ ஒழுங்கு இருக்கிறது.

காணியை நேரில் போய்ப் பாருங்கள்

ஆண்டறிக்கையில் கம்பனியின் காணிகள் எங்கே, எவ்வளவு பரப்பு, எத்தனை கட்டடம், என்ன மதிப்பீடு என்று ஒரு அட்டவணை இருக்க வேண்டும். பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்ற வரிசையில் இருக்கும். 2-1-20 என்றால் இரண்டு ஏக்கருக்கு 320, ஒரு ரூட்டுக்கு 40, அத்தோடு 20, ஆக 380 பேர்ச்சஸ். எனக்கு மிகப் பிடித்த பக்கம் இதுதான். எப்போது மதிப்பிட்டார்கள் என்ற திகதியையும் பாருங்கள். சில கம்பனிகள் வாங்கிய விலையிலேயே வைத்திருக்கும், காணியின் உண்மைப் பெறுமதி ஐந்தொகையில் தெரியாது. சில கம்பனிகள் நட்டத்தை மறைக்க அடிக்கடி மீள்மதிப்பீடு செய்யும்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறினால் இரத்மலானை வந்துவிடும். அங்கே ஒரு கம்பனியைப் பார்க்கப் போனேன். அட்டவணைப்படி தொழிற்சாலையும் களஞ்சியமும். வாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பகல் பதினொரு மணி. இரண்டு லொறிகள் உள்ளே வந்தன, இரண்டிலும் வேறு கம்பனியின் பெயர். கடைக்காரரிடம் கேட்டேன். 'களஞ்சியத்தை வாடகைக்குக் குடுத்திருக்கினம் அக்கா, அது கன காலம்' என்றார். திரும்பி வந்து வருமானக் கூற்றைப் பார்த்தால் ஏனைய வருமானத்தில் வாடகை என்று ஒரு வரி, சின்னத் தொகை. ஆனால் அந்த அளவு களஞ்சியத்துக்கு இரத்மலானையில் வரக்கூடிய வாடகை அதைவிட அதிகம். குத்தகை முடிந்து புதுப்பிக்கும்போது வருமானம் கூடும் என்று நினைக்க இடம் இருந்தது. இது உள்வீட்டு இரகசியத் தகவல் இல்லை, தெருவில் நின்று எவரும் பார்க்கக்கூடியது. பெரிய கம்பனியில் இப்படி ஒரு தேநீர் குடித்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. சின்னக் கம்பனியில் முடியும். சாதாரண ஆட்களுக்கு இந்தச் சந்தையில் இருக்கும் ஒரே அனுகூலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் விலகி நிற்கும் இடங்கள்

தோட்டக் கம்பனிகளில் கவனம் தேவை. ஆயிரக்கணக்கான ஹெக்டேயர், ஒரு பங்குக்கு இவ்வளவு சொத்து என்று கணக்குப் போட்டு மயங்குபவர்கள் அதிகம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது காணி விற்கப்படவில்லை, 53 வருடக் குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது. 2045இல் அது முடியும். திறைசேரிச் செயலாளரின் கையில் பொற்பங்கு, அதாவது அரசாங்கத்துக்கு விசேட உரிமை தரும் பங்கு, ஒன்றும் இருக்கிறது. ஐந்தொகையில் நீங்கள் பார்ப்பது காணியின் பெறுமதி இல்லை. தேயிலைச் செடி, மரங்களின் பெறுமதி, அதுவும் மதிப்பீட்டாளரின் ஊகங்களில் தொங்கிக்கொண்டிருப்பது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் அடிப்படை 1,350 ரூபாவாகவும் கூடியது. கூடியது நியாயம், இன்னும் கூட வேண்டும். மலையக மக்களின் சம்பளத்தைக் கீழே வைத்திருந்தால் மட்டும் இலாபம் வரும் கம்பனியை நான் பெறுமதியுள்ளது என்று எண்ணவே மாட்டேன்.

சம்பளம் கூடினால், வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடைப் பொறுப்பும் கூடும். இது தோட்டத்துக்கு மட்டும் இல்லை, எல்லாத் தொழிற்சாலைகளுக்கும்தான். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி ஐந்து வருடம் வேலை செய்த ஒருவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். பழைய தொழிற்சாலையில் ஆட்கள் இருபது, முப்பது வருடம் வேலை செய்திருப்பார்கள். வங்கிக் கடன் இல்லாத கம்பனி என்று பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் பணிக்கொடை என்ற பெரிய கடன் இருக்கும். இந்தப் பொறுப்பைக் கணிக்கும்போது வட்டி வீதம் உயர்ந்தால் தொகை சுருங்கும், குறைந்தால் விரியும். 2022, 2023 அறிக்கைகளில் அது சுருங்கித் தெரிவது அதனால்தான்.

சின்ன நிதிக் கம்பனிகளை நான் தொடுவதே இல்லை. யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எவ்வளவு திரும்பி வரும் என்பதை வெளியிலிருந்து பார்க்க வழி இல்லை.

கணக்காய்வாளரின் அறிக்கையையும் வாசியுங்கள். கருத்து நிபந்தனையோடு இருந்தால், தொடர்ந்து இயங்கும் ஆற்றல் பற்றிச் சந்தேகம் எழுப்பியிருந்தால், காரணம் என்னவென்று முழுதாக விளங்கும்வரை வாங்க வேண்டாம். 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் 220ஆம் பிரிவு என்று எங்காவது கண்ணில் பட்டால், தேறிய சொத்து, கூறப்பட்ட மூலதனத்தின் (பங்கு வழங்கித் திரட்டிய தொகையின்) பாதிக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். அப்படியான கம்பனி அடுத்து உரிமை வழங்கலோடு, அதாவது இருக்கும் பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு விற்க, உங்களிடம்தான் காசு கேட்டு வரும்.

எந்த விலை மலிவு

இதற்கு ஒரு நிலையான விடை இல்லை, ஏனென்றால் நம் நாட்டில் வட்டி வீதம் அப்படி ஆடுகிறது. 2022 இறுதியில் திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரம், 30 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தது. அந்த நேரம் இலாபத்தின் ஐந்து மடங்கு விலைக்குப் பங்கு வாங்கினால், இலாபம் முழுவதும் நம் கைக்கு வந்தாலும் 20 சதவீதம்தான். அரசாங்கப் பத்திரமே அதைவிட மேல். வட்டி ஒற்றை இலக்கத்துக்கு வந்த பிறகு அதே ஐந்து மடங்கு மிக நல்ல விலை. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு வருட நிலையான வைப்பு என்ன தருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போடுவேன். சின்னக் கம்பனியின் ஆபத்துக்காகக் குறைந்தது அதன் இரண்டு மடங்கு வேண்டும். பங்கிலாபத்தில் 15 சதவீதம் வரியாகக் கழித்துத்தான் கையில் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் கை பதறக் கூடாது

கணக்குத் திறக்க இப்போது பங்குச் சந்தையின் கைப்பேசிச் செயலியே போதும், அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் சரி. சந்தை காலை 9.30இலிருந்து பிற்பகல் 2.30 வரை. போயா தினத்தில் இல்லை.

சின்னப் பங்கை வாங்கப் போனால் புரோக்கர் நிறுவனத்துத் தம்பி முதலில் சொல்வது: 'அக்கா, இதில வியாபாரமே நடக்கிறேல்ல. வாங்கினா விக்கேலாது.' அவர் சொல்வது உண்மை, அதை மதியுங்கள். அதனால்தான் ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத காசை மட்டும் போட வேண்டும். பங்குகளையே பிணையாக வைத்து வாங்கும் மார்ஜின் கடன் கூடவே கூடாது. செட்டியார் தெருவில் நகை அடகு வைத்த காசும் கூடாது. 2020 மார்ச்சில் மூடிய சந்தை மே 11ஆம் திகதிதான் திறந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்டமாட்டேன் என்று அறிவித்த பிறகு ஒரு வாரம் மூடிக் கிடந்தது. கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

விலைப்பலகையில் வாங்குபவர் 17.00 என்றும் விற்பவர் 18.90 என்றும் நிற்பார்கள். நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி. இதைவிட வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம் கட்டணம். ஆகவே சந்தை விலைக்கு வாங்கு என்று ஒருபோதும் கட்டளை போடாதீர்கள், உங்கள் விலையை எழுதிப் போடுங்கள். 17.10க்குப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பல நாள் ஒன்றும் நடக்காது. ஒரு நாள் யாரோ ஒருவருக்கு அவசரக் காசு தேவைப்படும், ஐயாயிரம் பங்கு உங்களிடம் வந்து விழும். விலை பத்துப் பத்துச் சதமாகத்தான் அசையும். ஆகவே இரண்டு ரூபாப் பங்கில் ஒரு படியே ஐந்து சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே கம்பனியில் மொத்தக் காசின் பத்தில் ஒன்றுக்கு மேல் நான் போடுவதில்லை. பொதுமக்களிடம் உள்ள பங்குகள் எத்தனை என்று பார்த்து, வழக்கமான ஒரு மாத வியாபாரத்தில் விற்று வெளியேற முடியாத அளவுக்கு வாங்குவதும் இல்லை.

பெறுமதி கைக்கு வரும் வழிகள்

முதலாவது பங்கிலாபம். பத்து வருடப் பங்கிலாப வரலாற்றை எழுதிப் பாருங்கள். இலாபம் கூடும்போது பங்கிலாபமும் கூடியிருந்தால் உரிமையாளர் சிறு பங்குதாரர்களை நினைக்கிறார். மேலே சொன்ன உதாரணக் கம்பனி பங்கொன்றுக்கு 3 ரூபா 50 சதம் சம்பாதித்து 50 சதம் கொடுத்தால், மற்ற மூன்று ரூபா எங்கே போகிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

இரண்டாவது, கம்பனி கைமாறுவது. ஒருவர் 30 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமையைக் கைப்பற்றினால் மற்றப் பங்குதாரர்களிடமும் வாங்க முன்வர வேண்டும் என்பது கையகப்படுத்தல் விதி. உரிமையாளர் குடும்பத்தில் வயதானவர்கள், அடுத்த தலைமுறை வெளிநாட்டில், வியாபாரத்தில் ஆர்வம் இல்லை என்றால் இது நடக்க வாய்ப்புண்டு. மூன்றாவது, கம்பனி பட்டியலிலிருந்து விலகுவது. அப்போது சிறு பங்குதாரர்கள் வெளியேற அவர்களுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். அந்த விலை நியாயமாக இருக்குமா என்பது வேறு கதை. நான்காவது, பயன்படுத்தாத காணியை விற்றுக் காசைப் பகிர்வது. இது அரிது, ஆனால் வந்தால் பெரிது.

இவற்றில் ஒன்றையும் காண முடியாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். நூறு பங்கு இருந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. சின்னக் கம்பனிக் கூட்டத்துக்கு இருபது முப்பது பேர்தான் வருவார்கள், ஆகவே தலைவர் உங்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு கூட்டத்தில் எழுந்து, கிளைக் கம்பனி தரவேண்டிய தொகைக்கு என்ன வட்டி, எப்போது திரும்பும் என்று அறிக்கையின் பக்க இலக்கத்தோடு கேட்டேன். தலைவர் நிதிப் பணிப்பாளரைப் பார்த்தார், அவர் கோப்பைப் புரட்டினார். 'இவ்வருடம் தீர்க்கத் திட்டம் இருக்கிறது' என்றார். அடுத்த காலாண்டுகளில் அந்தத் தொகை குறைந்துகொண்டே வந்தது. அதற்கு என் கேள்விதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொன்னதைச் செய்தாரா என்று பார்க்க எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. சொன்னதைச் செய்பவர் என்று தெரிந்த பிறகுதான் நான் அதில் கூடுதலாக வாங்கினேன்.

வதந்தி வந்தால் விற்கும் நேரம்

பங்கு எண்ணிக்கை குறைவான கம்பனிகளை ஒரு சிலர் சேர்ந்து ஏற்றி விற்பது நம் சந்தையில் புதிதல்ல. போர் முடிந்த பிறகு 2010, 2011இல் நடந்த ஏற்றத்தில் இப்படிப் பல பங்குகள் பறந்து விழுந்தன. சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் இரண்டு தலைவர்கள் 2011 கடைசியிலும் 2012இலும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். 2021இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 6,774இலிருந்து 12,226க்குப் போனது, 2022 முடிவில் 8,489. அந்த ஏற்றத்தில் பங்குப் பிரிப்பு அறிவித்தாலே விலை ஏறியது. ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தால் கம்பனியின் காணி ஒரு பேர்ச்சஸ்கூடக் கூடாது.

ஆகவே நீங்கள் அமைதியாக வைத்திருக்கும் பங்கு திடீரென்று தினமும் பத்து சதவீதம் ஏறி, வாட்ஸ்அப் குழுவில் அதன் பெயர் வந்தால், முதலில் அறிவித்தல் பக்கத்தைப் பாருங்கள். உண்மையான செய்தி இருந்தால் கணக்கை மறுபடி போடுங்கள். ஒன்றுமில்லை என்றால் விற்கத் தொடங்குங்கள். சாதாரண நாளில் விற்க ஆள் இல்லாத பங்குக்கு வாங்குபவர்கள் வரிசையில் நிற்பது அந்த நேரம் மட்டும்தான். முழுவதையும் ஒரே நாளில் விற்க வேண்டாம். என் கணிப்பைத் தாண்டியதும் மூன்றில் ஒன்று, இன்னும் ஏறினால் இன்னொரு மூன்றில் ஒன்று என்று விற்பேன்.

விலை விழுவதற்காக நான் விற்பதில்லை. விற்பதற்கு மூன்று காரணம் வைத்திருக்கிறேன்: தொடர்புடைய தரப்பினருக்குப் போகும் காசு திடீரென்று கூடுவது, கணக்காய்வாளர் காரணம் தெளிவாகச் சொல்லாமல் இடையில் மாறுவது, உரிமையாளரும் பணிப்பாளர்களும் சத்தமில்லாமல் விற்பது. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு கொப்பிப் பக்கம் ஒதுக்கி, வாங்கிய அன்றே இவற்றை எழுதி, ஏன் வாங்கினேன், எந்த வழியால் காசு வரும் என்று எதிர்பார்க்கிறேன் என்பதையும் இரண்டு வரியில் எழுதுகிறேன். பெப்ரவரி, ஓகஸ்ட், நவம்பர் அறிக்கை வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் புதுக் குறிப்புகளை வாசிக்கிறேன்.